பல்சர் 220 சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, ஐட்லிங் நிலையாக இல்லை. கார்ப்பரேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: 2014 மாடல் பல்சர் 220, கார்ப்பரேட்டர் வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் ஐட்லிங்கை ஏற்றி வைத்தார். மூன்று நாளில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்.

உடனே மாற்ற வேண்டாம். இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட ஸ்லோ ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் நுண்துளைப் பித்தளைக் குழாய்), விரிசல் விட்ட மேனிஃபோல்ட் ரப்பர் (கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைப்பது), இரண்டில் ஒன்று வேலை செய்யாத பிளக், டைட்டாகிப்போன டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி) ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்குமே செலவு குறைந்த வேலைகள்.

ஐட்லிங்கை ஏற்றி வைப்பது ஏன் தீர்வாகாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டிருக்கும்போது பட்டர்ஃபிளை, அதாவது கார்ப்பரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட் வழிதான். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகினால் பட்டர்ஃபிளை கொஞ்சம் திறந்து, அடுத்திருக்கும் பைபாஸ் துளைகளிலிருந்தும் பெட்ரோல் வர ஆரம்பிக்கும். ஸ்லோ ஜெட் பாதி அடைந்திருந்தாலும் இன்ஜின் ஓடிவிடும். அடைப்பு அப்படியே இருக்கும். 1,800, 2,000 என்று வைத்து ஓட்டினால் கியர் போடும்போது டக்கென்று இடிக்கும், இன்ஜின் பிரேக்கிங் குறையும், டிராஃபிக்கில் சூடு கூடும். இந்த வண்டிக்கு ஐட்லிங் 1,400 ஆர்பிஎம் பக்கத்தில் இருக்க வேண்டும், நூறு கூடக் குறைய இருக்கலாம். அதில் நிற்கவில்லை என்றால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டி எப்படி ஆஃப் ஆகிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியது போல ஒரே வெட்டில் நின்றால் கரன்ட் பக்கம் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கி, இருமி, நின்றால் பெட்ரோல் அல்லது காற்று. காலையில் சரியாக நின்று சூடேறிய பிறகு மட்டும் ஆஃப் ஆனால் டேப்பட் மீது சந்தேகம் வரவேண்டும். பத்து பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு திணறி நின்று, ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? அடுத்த முறை அப்படி நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைந்திருக்கிறது. பாலிஷ் மெழுகும் தூசியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். மூடியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முறுக்கி விட்டுவிட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். 2,500 பக்கம் தொங்கி நின்று தயங்கித் தயங்கி இறங்கினால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. மாறாக 1,000க்கும் கீழே விழுந்து, பிறகு மெதுவாக ஏறினால் பெட்ரோல் அதிகம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழி தெரிந்துவிடும்.

அப்படியே ஐட்லிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் டைட். கைப்பிடியில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு வேண்டும். ஆஃப் ஆனால் கழுத்துப் பகுதியில் ஏதோ ஒரு வயர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது சாவி சுவிட்சின் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) லூஸ்.

இந்த வண்டிக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், அதனால்தான் பலருக்கும் தெரிவதில்லை. ஐட்லிங் மட்டும் கரடுமுரடாக இருக்கும், மைலேஜ் குறையும். இதைச் சோதிக்க ஒரு ஸ்பேர் பிளக் வேண்டும். இன்ஜின் ஆஃப் நிலையில் ஒரு பக்கத்துக் கேப்பைக் கழற்றி, அதில் ஸ்பேர் பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உலோக உடல் இன்ஜினில் நன்றாகப் படும்படி கட்டி வையுங்கள். பழைய பிளக் இன்ஜினிலேயே இருக்கட்டும். இப்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கி, சத்தம் சோர்ந்து, ஆனாலும் ஓடினால் இரண்டு பக்கமும் நலம். எந்த மாற்றமும் இல்லையென்றால் நீங்கள் கழற்றிய பக்கம் முன்பே செத்திருக்கிறது. ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் மறுபக்கம் செத்திருக்கிறது. இதையே அடுத்த பக்கமும் செய்யுங்கள். ஓடும் இன்ஜினில் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், கரன்ட் போக வழியில்லாமல், பிளக்குக்குக் கரன்ட் தரும் இக்னிஷன் காயில் கெட்டுவிடும். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கவும் கூடாது.

பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சிலிண்டரில் ஒரே கலவையைத்தான் எரிக்கின்றன, ஆகவே நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று காப்பித்தூள் நிறம், மற்றது கரி படிந்து கறுப்பு என்றால் குறை கார்ப்பரேட்டரில் இல்லை. அந்தக் கறுப்புப் பக்கத்துப் பிளக், கேப், வயர், காயில் இவற்றில் ஒன்று. இரண்டும் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இரண்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பிளக் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. கண்ணால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். இந்த வண்டிக்குக் கிக்கர் இல்லை, எல்லாப் பாரமும் பேட்டரி மேல்தான். இரவு முழுதும் நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம், இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் கவலை இல்லை.

கரன்ட் பக்கம் சரியென்றால் அடுத்தது கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்ட் ரப்பர். பத்து வருடச் சூட்டில் அது வெடித்திருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில். ஐட்லிங்கில் ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரில் தண்ணீர் எடுத்து ரப்பரைச் சுற்றித் தெளியுங்கள். ஓரிடத்தில் தெளிக்கும்போது ஆர்பிஎம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கார்ப்பரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். மேனிஃபோல்டில் சொருகியிருக்கும் மெல்லிய ரப்பர் குழாய்களின் நுனியையும் வளைத்துப் பாருங்கள், நுனிதான் முதலில் வெடிக்கும். வெடித்த ரப்பருக்குப் பசை தடவுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. புதிது போடுங்கள்.

இனி பெட்ரோல். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் கலங்கலாக ஒரு படலமோ, உருளும் துளிகளோ, செம்மண் போன்ற துருவோ தெரிகிறதா? இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் குழாய் தொடங்குவதும் அங்கேதான். மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிறுத்திய வண்டிகளில் இது நடக்கும். தண்ணீர் கண்டால் டேங்க்கை முழுதாக வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

எத்தனாலால் இன்னொரு விளைவும் உண்டு. 1 கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கு ஏற்றபடி ஜெட் அளவு வைத்த கார்ப்பரேட்டர் காற்றைக் குறைத்துக்கொள்ளாது, அதனால் கலவையில் பெட்ரோல் பங்கு கொஞ்சம் குறைந்துபோகும். ஐட்லிங்கில்தான் அது முதலில் தெரியும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகவே சரிசெய்துகொள்ளும், கார்ப்பரேட்டர் வண்டிக்கு நாம்தான் கலவை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.

அந்த ஸ்க்ரூ விஷயத்தில்தான் நிறைய கைகள் தவறுகின்றன. எல்லாரும் ஏர் ஸ்க்ரூ என்றே சொல்கிறோம். பழைய ஸ்லைடு கார்ப்பரேட்டர்களில் அது ஃபில்டர் பக்கம் இருக்கும், உண்மையிலேயே காற்றைத்தான் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினால் பெட்ரோல் பங்கு குறையும். உங்கள் வண்டியில் இருப்பது டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு வைத்த வேக்கம் கார்ப்பரேட்டர். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கிறது, கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். பழைய வண்டிப் பழக்கத்தில் திருப்பினால் நேர் எதிராகப் போய்விடும்.

கார்ப்பரேட்டரைக் கழற்றினால் முதலில் இந்த ஸ்க்ரூவை உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் மெதுவாகப் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்தித் திருகினால் ஊசி முனை உடைந்து உள்ளேயே மாட்டும். பிறகு முழுதாகக் கழற்றுங்கள். ஸ்க்ரூவோடு ஸ்பிரிங், வாஷர், ஓ ரிங் என்று மூன்று குட்டிச் சாமான்கள் வரவேண்டும். ஓ ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் ஏர் அடித்தால் பறந்து காணாமல் போகும், அது இல்லாமல் மாட்டினால் அந்த வழியாகக் காற்று நுழைந்து ஐட்லிங் எந்த நாளும் செட் ஆகாது.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் மெயின் ஜெட், அதன் பக்கத்துக் குழிக்குள் ஸ்லோ ஜெட். சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் கை வைக்காதீர்கள். பித்தளை மென்மையானது, பள்ளம் வழுக்கிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை வடிவமாகத் தெரிந்தாலோ, மங்கித் தெரிந்தாலோ அடைப்புதான். கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பி ஒற்றை இழையால் குத்தி, ஏர் அடியுங்கள். இரும்புக் கம்பியோ குண்டூசியோ துளையைப் பெரிதாக்கிவிடும்.

ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் நிறுத்துகிறார்கள், மூன்று நாளில் கோளாறு திரும்புகிறது. ஜெட்டுக்கு அப்புறம் உள்ள பாதையும் அடைந்திருக்கும். கலவை ஸ்க்ரூவின் துளையில் கிளீனர் அடித்தால், பட்டர்ஃபிளை ஓரத்தில் உள்ள நுண்துளைகள் வழியாகவும் ஸ்லோ ஜெட் குழி வழியாகவும் அது பீய்ச்சி வர வேண்டும். எல்லாத் துளையிலும் வரும்வரை விடாதீர்கள். டயாஃப்ரம் ரப்பரில் மட்டும் கிளீனர் படக்கூடாது, உப்பிவிடும். கார்ப்பரேட்டர் பக்கவாட்டில் உள்ள த்ராட்டில் சென்சாரின் ஸ்க்ரூக்களையும் தொட வேண்டாம், கப்ளரை மட்டும் கழற்றுங்கள்.

மாட்டிய பிறகு கலவை ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றிலேயே வைத்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். ஐட்லிங்கை 1,400இல் வைத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஆர்பிஎம் உச்சம் எங்கே என்று பாருங்கள். எழுதி வைத்ததைவிடக் கால் முதல் அரைச் சுற்று வெளியே அது கிடைத்தால் எத்தனால் கணக்கோடு ஒத்துப்போகிறது. பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் மறுபடி 1,400க்குக் கொண்டுவாருங்கள்.

டேப்பட்டை இதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. 48,000 ஓடிய வண்டியில் அதை யாரும் தொடாமல் இருந்தால் வால்வு சீட்டில் தேய்ந்து இறங்கி இடைவெளி குறைந்திருக்கும். சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், குறைந்த வேகத்தில் இன்ஜின் தாக்குப்பிடிக்காது. டக் டக் சத்தம் வரும் டேப்பட்டை எல்லாரும் கவனிக்கிறோம். சத்தமே இல்லாத டைட் டேப்பட்தான் ஆபத்து, வால்வையே எரித்துவிடும். இரவு முழுதும் ஆறிய இன்ஜினில், பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கரிலும் ஆட்டம் இருக்கும் நிலையில், கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்து அமைக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

2020இல் வந்த பிஎஸ்6 220இல் இன்ஜெக்‌ஷன் என்பதால் ஜெட், கலவை ஸ்க்ரூ பற்றிச் சொன்னது அதற்குப் பொருந்தாது. அதில் த்ராட்டில் பாடியில் (காற்று நுழையும் பகுதி) படிந்த கரியிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்ப்பரேட்டரை மாற்றுவது நியாயமாகும் இரண்டு நிலைமைகள் உண்டு. கலவை ஸ்க்ரூவின் முனை உடைந்து துளைக்குள் மாட்டியிருந்தால் ஒன்று. மற்றது பட்டர்ஃபிளை சுழலும் தண்டு தேய்ந்துபோவது. தண்டின் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அந்த ஓரமாகக் காற்று நுழைகிறது, எந்த டியூனிங்கும் நிற்காது. அப்படியானால் தயங்காமல் மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும் முன் அதன் ஸ்லோ ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் கழற்றி, பழைய ஜெட்களில் பொறித்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே உருவத்தில் வேறு ஜெட்களோடு கார்ப்பரேட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. எண் மாறியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.