பழைய வீட்டுல விரிசல் இருக்கு, நம்பி வாங்கலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "20 வருஷம் ஆன வீடு ஒண்ணு பாத்திருக்கோம், எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ஆனா ஹால்ல ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா ஒரு விரிசல் போகுது, படிக்கட்டுப் பக்கத்து பில்லர்லயும் மேலேர்ந்து கீழ நேரா ஒண்ணு இருக்கு. விக்கிறவரு 'பூச்சு விரிசல்தான், பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா போயிடும்'ங்கிறாரு. அட்வான்ஸ் குடுக்கலாமா?"

இப்போதைக்கு குடுக்காதீங்க. வீட்டையே வேணாம்னு சொல்லல, ஆனா அந்த பில்லரைப் பாக்காம காசு கைமாறக்கூடாது. ஜன்னல் மூலை விரிசல்தான் கண்ணுல பெருசா தெரியும், எனக்கு கவலை அந்த நேர் விரிசல் மேலதான்.

ஏன்னா பில்லர்ல கம்பி ஓடுற திசையிலயே விரிசல் விழுந்திருந்தா பெரும்பாலும் உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நல்ல கான்கிரீட்டோட காரத்தன்மை கம்பியை துருப்பிடிக்காம காப்பாத்தும், ஆனா கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட்டோட கனம் (கவர்) கம்மியா இருந்தாலோ வருஷக்கணக்கா தண்ணி கசிஞ்சாலோ அந்தப் பாதுகாப்பு போயிடும். இரும்பு துருவா மாறும்போது முன்ன இருந்ததை விட 2 மடங்குலேர்ந்து 6 மடங்கு வரை இடம் எடுக்கும், உள்ள இடம் ஏது, அதனால கான்கிரீட்டை வெளிய தள்ளும், கம்பி வழியாவே கோடு பிளக்கும். அந்தக் கோட்டு வழியா இன்னும் ஈரம் போகும், துரு இன்னும் ஏறும். இதுக்கு மேல பட்டி பாத்தா கொஞ்ச நாள் கண்ணுக்குத் தெரியாது, உள்ள வேலை நடந்துகிட்டேதான் இருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரோ எடுத்துட்டுப் போங்க, ஓனர்கிட்ட கேட்டுட்டு அதோட பிடியால அந்த விரிசல் பக்கத்துல மெதுவா தட்டிப் பாருங்க. கணீர்னு கெட்டியா சத்தம் வந்தா சரி, டொப்பு டொப்புன்னு பொள்ளலா கேட்டா அங்க ஏதோ ஒட்டு விட்டுப்போயிருக்கு. பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால கோடு பக்கத்துல பழுப்புக் கறை இருக்கா, பில்லரோட மூலை லேசா உப்பியிருக்கா, அதுக்குப் பின்னாடி பாத்ரூமோ தண்ணி பைப்போ போகுதான்னும் சேத்துப் பாக்கணும்.

இப்ப ஜன்னல் மூலைக்கு வருவோம். ஜன்னல், கதவு மூலையில அழுத்தம் குவியும், அதனால அங்க ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிசா சாய்வு விரிசல் வர்றது ரொம்ப சகஜம், அதுக்காக நல்ல வீட்டை விட வேண்டியதில்ல. ஆனா அதே கோடு சுவர் முழுக்க இறங்கி தரை வரைக்கும் போகுது, ஒரு முனையில மெல்லிசாவும் இன்னொரு முனையில அகலமாவும் இருக்கு, வெளிய போய் பாத்தா அதே சுவர்ல அதே இடத்துலயும் தெரியுது, இல்ல செங்கல் இணைப்பு வழியா படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது அப்படின்னா அஸ்திவாரம் ஒரு பக்கமா இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே பக்கத்து கதவைத் திறந்து மூடிப் பாருங்க, ஒரு மூலையில இடிக்குதா, மேல் இடைவெளி ஒரு பக்கம் அகலமா இருக்கா. களிமண் தரையில சுவரை ஒட்டி பெரிய மரம் இருந்தாலோ, கழிவுநீர் பைப் உடைஞ்சு மண்ணுல ஊறிக்கிட்டிருந்தாலோ இப்படி ஆகும்.

பீமும் சுவரும் சேர்ற இடத்துல படுக்கையா போற விரிசலுக்கு பயப்படாதீங்க. மேல் மாடியில கூரைக்கு நேர் கீழ வர்றதும் பெரும்பாலும் வெயிலாலதான். 10 மீட்டர் நீள கான்கிரீட் 30 டிகிரி சூடேறினா சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது, அவ்வளவுதான்.

அகலத்தைப் பத்தியும் நிறைய பேர் கேக்குறாங்க. சுவர்ல 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பொதுவா பார்வைக்குத்தான் குறை, அதுக்கு மேல போனா கட்டாயம் ஆள் வெச்சு பாக்கணும். இந்தக் கணக்கை பில்லர், பீமுக்குப் போடாதீங்க, அங்க மயிரிழை மாதிரி இருந்தாலும் கவனிக்கணும். அகலத்தை விட முக்கியமானது அது இன்னும் வளருதா, நின்னுடுச்சான்னு தெரியறதுதான். பழைய விரிசல்ல அழுக்கு, ஒட்டடை, முன்ன அடிச்ச பெயிண்ட் எல்லாம் உள்ள போயிருக்கும், புதுசு சுத்தமா கூர் விளிம்போட இருக்கும். ஏற்கனவே பட்டி போட்டு அடைச்ச இடத்துலயே மறுபடி பிளந்திருந்தா அது நிக்கலன்னு எடுத்துக்கோங்க. நேரம் கிடைச்சா விரிசல் முனையில பென்சிலால கோடு போட்டு தேதி எழுதி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, சில மாசம் கழிச்சு கோட்டைத் தாண்டியிருக்கான்னு பாக்கலாம். விக்கிறவரு காத்திருக்க மாட்டாரு, அதனால வீட்டு விசேஷத்துல எடுத்த பழைய போட்டோவுல அந்த சுவர் தெரியுதான்னு கேட்டுப் பாருங்க, அது பெரிய உதவி.

புதுசா பெயிண்ட் அடிச்ச வீடுன்னா ஹாலைப் பாத்து பிரயோஜனம் இல்ல. பரண் உள்ள, அலமாரிக்குப் பின்னாடி, படிக்கட்டுக்கு அடியில, தண்ணி டேங்குக்கு கீழ பாருங்க, அங்கல்லாம் யாரும் மெனக்கெட்டு பெயிண்ட் அடிக்கிறதில்ல.

இதெல்லாம் பாத்துட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே காசு குடுத்து கூட்டிட்டுப் போங்க, விக்கிறவரோ புரோக்கரோ காட்டுற ஆள் வேணாம். கம்பி துருதான்னு அவர் சொன்னா ரிப்பேர் எப்படின்னு எழுதி வாங்குங்க: விட்டுப்போன கான்கிரீட்டை கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவை சுரண்டி, கம்பி ரொம்ப தேஞ்சிருந்தா புதுக்கம்பி சேத்து, அதுக்கான ரிப்பேர் கலவையால மூடணும், ஈரம் வர்ற வழியையும் அடைக்கணும். வேலை நடக்கும்போது பாரத்தைத் தாங்க முட்டு குடுக்கணுமாங்கிறதையும் அவர்தான் சொல்லணும். ஒரே ஒரு பில்லர்தான்னா அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லி பேசிட்டு தைரியமா வாங்கலாம். மூணு நாலு பில்லர்ல இதே கதைன்னாலோ, அஸ்திவாரம் இன்னும் இறங்கிகிட்டிருக்குன்னு அவர் சொன்னாலோ எவ்வளவு பிடிச்சிருந்தாலும் விட்டுடுங்க, வேற வீடு பாக்கலாம்.