தலைவருக்கு எழுதலாம், அப்பாவுக்கு எழுத வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 47 வயது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அப்பா போய்ப் பத்து மாதமாகிறது. எங்கள் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் தெரியாது. ‘தலைவர்’ என்றால்தான் தெரியும். முப்பது வருடம் தோட்டத் தொழிற்சங்கத் தலைவராக இருந்தார். அதை விட்ட பிறகும் மரண உதவிச் சங்கம், கோவில் கமிட்டி என்று கடைசிவரை ஓய்ந்து உட்காரவில்லை. நடுச்சாமத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால், கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி மெயின் ரோடு வரைக்கும் தூக்கிப்போன நான்கு பேரில் அவர் ஒருவராக இருப்பார்.

1977இல் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று தொழிலாளர்கள் எதிர்த்து நின்றபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அன்று அந்தக் கூட்டத்தில் அப்பாவும் நின்றார். அதைப் பற்றி வருடத்தில் ஒரேயொரு நாள், மே 11ஆம் திகதி மட்டும் பேசுவார். 2003இல் இந்திய வம்சாவளிச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்ததும், கோவில் திண்ணையில் இரவல் மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பத்திரம் இல்லாத சனங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் படிவம் நிரப்பினார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கேயே இருந்ததை அந்தச் சனங்கள் காட்ட வேண்டியிருந்தது. பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு) துண்டு, பிள்ளை பிறந்த துண்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் தேடி எடுத்தார். தன்னுடைய படிவத்தை எல்லாருக்கும் கடைசியாகத்தான் எழுதினார்.

இப்போது வருஷத் திவசம் வருகிறது. நினைவு மலர் போடுகிறார்களாம். “டீச்சர், நீங்கதான் எழுதணும், கோவில்ல வாசிக்கணும்” என்கிறார்கள். ஐந்து முறை உட்கார்ந்துவிட்டேன். ‘எமது தந்தையார்’ என்று தொடங்கினால் அதற்கு மேல் பேனா போவதில்லை.

நினைவுக்கு வருவதெல்லாம் வேறு. 1994 டிசம்பர், எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. கணக்குப் பாடத்தன்று அப்பா என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். விடியற்காலையில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து ஆள் வந்தது, ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று. பெட்டிக்கும் லொறிக்கும் ஏற்பாடு செய்ய அப்பா போய்விட்டார். அம்மா அன்றையப் பேரை, அதாவது அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு என்னோடு மழையில் மூன்று மைல் நடந்தார். சேறு படாமல் என் சப்பாத்தைப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். ராத்திரி அப்பா வந்ததும் கேட்டது, “சோறு இருக்கா?” அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடசாலையில் இடம் தேடிக் கொடுத்தவர். என் தம்பி பதினான்கு வயதில் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனான்.

கேதத்துக்கு மூன்று டிவிஷன் ஆட்களும் வந்து அழுதார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்து, “எங்களுக்கும் அவர்தாம்மா அப்பா” என்றபோது நெஞ்சு எரிந்தது. இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. பெற்ற தகப்பனுக்கு நான்கு நல்ல வார்த்தை எழுத முடியாத நான் என்ன பிள்ளை?

இப்படிக்கு,
ஒரு மகள்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு நல்ல வார்த்தை எழுத முடியவில்லை என்கிறீர்கள். தூளி கட்டிய கம்பளியையும் இரவல் மேசையையும் கடைசியாக எழுதப்பட்ட அந்தப் படிவத்தையும் எனக்குக் காட்டியது நீங்கள்தானே? அப்பாவை நீங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். தூரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள், அதுதான் வலி.

அந்த அக்கா ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் உங்களுக்குப் போதிய அளவு கிடைக்காத ஒன்றை, தங்களுக்கும் கிடைத்தது என்று ஒருவர் சொல்லும்போது எரியத்தான் செய்யும். துயரத்தைப் பற்றி நிறைய எழுதிய கென்னத் டோக்கா என்ற அறிஞர், ஊர் அங்கீகரிக்காத துயரங்களைப் பற்றி 1989இல் ஒரு நூல் தொகுத்தார். மறைத்து வைத்த உறவுகள், பிறக்காமல் போன குழந்தைகள் போன்ற இழப்புகளை அவர் பேசினார். உங்கள் இழப்பை ஊரே தலைமேல் வைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் கோபத்துக்குக் கேதவீட்டில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. தலைவரைக் குறை சொல்லும் மகளை யார் கேட்பார்கள்? கோபம் வெளியே வர வழியில்லாதபோது அழுகையும் அதனோடு சேர்ந்து உள்ளேயே நின்றுவிடும். பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது என் கண் நின்ற இடம் அம்மாவின் கையிலிருந்த அந்தச் சப்பாத்துப் பை. அம்மா உங்கள் கடிதத்தில் மூன்று நான்கு வரிகளில்தான் வருகிறார். திண்ணையில் படிவம் எழுதிய மாதங்களில் வந்து போனவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியது யார்? நடுச்சாமத்தில் ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து விளக்கேற்றியது யார்? கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு நாள் பேர் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா ஊருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அம்மாவின் கையிருப்பிலிருந்து போனது. உங்கள் பங்கும் தம்பியின் பங்கும் அதில் உண்டு. உங்களிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் உங்கள் கணக்கு. அது நியாயமான கணக்கு.

அதனால் திவசத்துக்கு எழுதுவதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வேறு யார் கண்ணிலும் படாமல். ‘சோறு இருக்கா’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அதை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வருடமாக அதற்கு நீங்கள் சொல்லாமல் விட்ட பதிலை எழுதினால் போதும்.

பிறகு ஒரு சாயங்காலம் அடுப்படியில் அம்மாவோடு உட்காருங்கள். 1977 மே மாதம் அந்த மனுஷன் எப்படி வீடு திரும்பினார், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். அதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். பரீட்சை நாளையும் கேளுங்கள். அன்று அம்மாவும் கோபப்பட்டிருக்கலாம். அது தெரிந்தால் உங்களுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கும்.

இந்த இரண்டும் முடிந்த பிறகு பேனாவை எடுங்கள். பொய் எழுதத் தேவையில்லை. ‘என் பரீட்சைக்கு அப்பா வரவில்லை, ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார், என்னை அம்மா நடத்திக் கூட்டிப்போனார்’ என்று கோவிலில் நின்று வாசிக்கலாம். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு அது விளங்கும். வாசிக்க முடியாது என்று தோன்றினால் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள், அதில் தவறு ஒன்றுமில்லை.

தூக்கத்தைப் பற்றி. பத்து மாதமாக மூன்று மணி விழிப்பு என்பதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. சாப்பாடு குறைந்தாலோ, படிப்பிக்கப் போவதே பாரமாகத் தோன்றினாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, திவசம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம், விடிய மூன்று மணிக்கும்.

நினைவு மலரின் அட்டையில் கமிட்டி அப்பாவின் படத்தை மட்டும்தான் போட நினைப்பார்கள். பெட்டியைக் கிளறிப் பாருங்கள், அம்மாவும் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்றாவது இருக்கும். அதைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்