காமிக்ஸ் வரைகிற பெண்ணுக்கு எதற்கு கோட்டா சீட்டு?

பிளஸ் டூ முடித்த மகள் எந்நேரமும் இணையக் காமிக்ஸ் வரைகிறாள். பெரியப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டச் சொல்கிறார் என்று ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். உங்கள் பயம் புரிகிறதம்மா. ஆனாலும் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை, கடன் வாங்கி நான்கு வருடம் அதிலேயே உட்கார வைப்பது அநியாயம்.

இரண்டு வருடமாக யாரும் சொல்லாமலே வாராவாரம் ஒரு அத்தியாயம் போடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். அமெரிக்காவின் ஜெஃப் ஜாக்ஸ் 2003இல் 'குவெஸ்சனபிள் கன்டென்ட்' என்ற இணையக் காமிக்ஸ் தொடரைத் தொடங்கியபோது முகங்கள் விறைப்பாக இருந்தன, பின்னணி பெரும்பாலும் வெறுமை. வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். போகப்போக வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆனது. கோடும் முகபாவமும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறின. முதல் பக்கத்திலிருந்து எல்லாமே இணையத்தில் இருக்கிறது. மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கை தேறுவது பாதிதான், மீதி வேலைமுறை தேறுவது. புதிதாக வருபவர் ஒரே பக்கத்துக்கு ராத்திரி முழுக்கக் கண்விழிப்பார். அப்புறம் வசனத்தை முதலில் எழுதி, சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிறுக்கிப் பார்த்து, அதன்பிறகே கோடு, வண்ணம் என்று போகப் பழகுவார். பாத்திரங்களின் முகத்தையும் உடையையும் பல கோணங்களில் ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்வார். அடிக்கடி வரும் வீட்டையும் தெருவையும் ஒருமுறை வரைந்து திரும்பப் பயன்படுத்துவார். போனில் கீழே தள்ளிப் படிக்கும் கதையில் இரண்டு படங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் நேரத்தைக் காட்டும். எங்கே எவ்வளவு விடுவது என்பது வரைந்து வரைந்தே பிடிபடும். காய்ச்சல், பரீட்சை என்று வந்தால் தொடர் நிற்காமலிருக்க, சில அத்தியாயங்களை முன்கூட்டியே முடித்து வைப்பார். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் அன்று வரையக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

படிப்புக்கு எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியைப் பாருங்கள். 1850இல் தொடங்கியது. அங்கே காட்சித் தொடர்பு வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்) என்றொரு பிரிவு இருக்கிறது. அரசுக் கட்டணம் என்பதால் கடன் தேவைப்படாது. சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் அனிமேஷன் டிப்ளமோ வேண்டவே வேண்டாம். திரையிலேயே வரைகிற விலை உயர்ந்த டேப்லெட்டும் இப்போது வேண்டாம். இருக்கிற கருவி போதும், கணினியில் வரைய கிரிதா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

காமிக்ஸை மட்டும் நம்பி உடனே சம்பாதிக்க முடியாது, இதை அவளிடமும் சொல்லுங்கள். சிறுவர் நூல்களுக்குப் படம், விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து கொடுப்பது) என்று சம்பளத்துக்கு ஒரு வேலை, பக்கத்தில் தன் தொடர் என்று சில வருடம் ஓட வேண்டியிருக்கும்.

தேர்வு வரும்வரை பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் ஆட்களை நேரில் பார்த்து பென்சிலில் வரையட்டும். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேச வைக்காதீர்கள்.