மோட்டார் இல்லை, வேகம் 882!

கேள்வி: மோட்டாரே இல்லாத ரிமோட் கிளைடர் விமானத்துக்குச் சமமாகப் பறக்கிறதாமே, நம்பலாமா?
*வேளச்சேரி வாசகர்*

பதில்: நம்பலாம். 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் ரேடார் கன் காட்டிய வேகம் மணிக்கு 882 கி.மீ. இந்த உத்திக்கு டைனமிக் சோரிங் என்று பெயர். பறவைகள் இப்படிக் காற்றிலிருந்து சக்தி எடுக்க முடியும் என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு 1883-லேயே எழுதிவிட்டார்.

கூர்மையான முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கச் சரிவை ஒட்டி இறங்காது. பிரிந்து நேராகப் போய்விடும். மேலே வேகக்காற்று, கீழே மறைவில் ஏறக்குறைய அசைவில்லாத காற்று, நடுவே மெல்லிய எல்லை. கிளைடர் சாய்வான வட்டத்தில் சுற்றுகிறது. காற்றை எதிர்த்து ஏறி எல்லையைக் கடக்கும்போது இறக்கை மேல் மோதும் காற்றின் வேகம் சட்டென்று கூடும். திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே பாய்ந்து மறைவுக்குள் நுழையும்போது மறுபடி அதே அளவு கூடும். காற்று 36 கி.மீ. என்றால் ஒரு சுற்றில் 72 வரை வரவு. செலவு, காற்றின் இழுவை. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. இரண்டும் சமமாகும் இடம், நல்ல கிளைடருக்கு, காற்றின் வேகத்தைப்போல் சுமார் 10 மடங்கு.

கேள்வி: மெரினாவிலோ பரங்கிமலையிலோ முயலலாமா? எந்தக் கிளைடர் வாங்குவது?
*தாம்பரம் வாசகர்*

பதில்: மெரினாவில் பிற்பகல் கடற்காற்று உண்டு, முகடு கிடையாது. பரங்கிமலை விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அந்த எண்ணத்தையே விடுங்கள். வேறு எந்தக் குன்றானாலும் முதலில் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன்களுக்கான அரசு இணையதளம்) வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம், பறக்கவிடத் தடை உண்டா என்று பாருங்கள். பிறகு முகட்டில் ஒரு குச்சி, மறுபக்கம் சில மீட்டர் கீழே ஒரு குச்சி நட்டு ரிப்பன் கட்டுங்கள். மேல் ரிப்பன் விறைத்து நிற்க, கீழ் ரிப்பன் தொங்கினால் இடம் சரி.

தொடக்கத்துக்கு 1.5 மீட்டர் நீள இபிபி நுரை (வளைந்து மீளும் நுரை) இறக்கை, உள்ளே கார்பன் குழாய். தெர்மோகோல் வேண்டாம், நொறுங்கிவிடும். இறக்கையின் கட்டுப்பாட்டுப் பலகையை அசைக்கும் சிறு கருவியான சர்வோவில் மெட்டல் கியர் இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் கம்பியில் சிறிது ஆட்டம் இருந்தாலும் வேகத்தில் அந்தப் பலகை படபடத்து, நொடியில் பிய்த்துக்கொண்டு போகும். இப்படி உடையும் கிளைடர்கள் உண்டு. எடை சேர்ப்பதானால் ஈர்ப்பு மையத்திலேயே சேருங்கள். 50 மீட்டர் ஆர வட்டத்தில் 288 கி.மீ. போனால் விசை 13 ஜி, அதாவது எடையைப்போல் 13 மடங்கு. 1 கிலோ கிளைடரின் இறக்கை 13 கிலோ தாங்க வேண்டும். தடுமாறினால் எலிவேட்டரை (மூக்கை மேலும் கீழும் திருப்பும் பலகை) வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக மேலே ஏற்றி வேகத்தைக் குறையுங்கள். வட்டம் போகும் மறுபக்கச் சரிவில் ஆளே நிற்கக் கூடாது.