தொண்டுக்குப் போகும் மகள்

கேள்வி: பட்டம் பெற்ற என் மகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மட்டக்களப்பு நிலையமொன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்கிறாள். பஸ் கட்டணமும் நாங்களே கொடுக்கிறோம். எவ்வளவு காலம் தாங்குவது?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: பஸ் கட்டணம் கண்ணுக்குத் தெரியும் செலவு, பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாதம் 40,000 ரூபா சம்பளத்தில் அவர் தனியார் துறையில் வேலை செய்திருந்தால், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் அவர் 8 சதவீதமும் செலுத்த, ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் தொழில்தருநரின் 3 சதவீதம் சேர்ந்து, மாதந்தோறும் 9,200 ரூபா அவர் பெயரில் வைப்பாகியிருக்கும். அதில் 6,000 ரூபா தொழில்தருநருடையது. தொண்டருக்கு இவை எதுவுமில்லை.

சுனாமிக்குப் பின் இக்கரையோரத்தில் இயங்கிய பல நிவாரணத் திட்டங்கள் நிதி முடிந்ததும் நின்றுவிட்டதை நாம் கண்டோம், இந்நிலையத்துக்கும் அது நேரலாம். ஆகவே, போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் நிலையம் ஏற்க வேண்டுமென்று மகள் எழுத்தில் கேட்கட்டும், அது பேராசையன்று. சேவைச் சான்றிதழையும் இப்போதே பெறுவது நல்லது, ஏனெனில் நிர்வாகம் மாறினால் தேடியலைய நேரும். செலவை ஏற்க நிலையம் மறுத்தால், வாரநாளில் சம்பள வேலையும் சனிக்கிழமையில் தொண்டுமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அம்முடிவை அவரே எடுக்க விடுங்கள்.