நரம்பு நோயும் மனசும்: கேட்டவர்களுக்குப் பதில்

(கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்களின் கேள்விகளுக்கு, நரம்பியல் வார்டில் பல வருடம் ஆலோசகராக இருந்தவரின் பதில்கள்.)

பக்கவாதம் வந்து நாலு மாதம். பேரனைப் பார்த்தாலே அப்பா அழுகிறார். கேட்டால் "ஏன்னு தெரியலை" என்கிறார். (மஞ்சக்குப்பம்)

அவர் சொல்வது உண்மைதான் அம்மா. அழுகையையும் சிரிப்பையும் கட்டுக்குள் வைக்கிற பாதை மூளையில் அடிபட்டால், துக்கமே இல்லாமல் கண்ணீர் வரும். வார்டில் ஒரு பெரியவருக்குக் காபி டம்ளரை நீட்டினாலே உதடு கோணி அழுகை வந்துவிடும். அவர் மனைவி "அழாதீங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. துண்டு முனையால் கண்ணைத் துடைத்துவிட்டு, தென்னைக்குத் தண்ணீர் விட்ட கதையைத் தொடங்குவார். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். இதைக் குறைக்க மாத்திரையும் உண்டு.

ஆனால் சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, பிசியோதெரபிக்கு வர மறுக்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வலிப்புக்கு லெவெடிராசிட்டம் தொடங்கியதிலிருந்து மகன் எரிந்து விழுகிறான். நிறுத்தலாமா? (வில்லியனூர்)

நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாத்திரை சிலருக்குக் கோபத்தையும் சோர்வையும் கொண்டுவரும். எந்தத் தேதியில் தொடங்கினான், எப்போது மாறினான் என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது. "வாழப் பிடிக்கலை" என்ற சொல் அவன் வாயில் வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

பார்க்கின்சன் நோயில் பதற்றம் வருமா? யாரிடம் காட்டுவது? (கடலூர் முதுநகர்)

வரும். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மனம் சோர்ந்துபோனவர்களும் உண்டு. மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில் பதற்றம் கூடுகிறதா என்று கவனியுங்கள். கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாத நாளில் 14416-க்குப் போன் போடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

நோயாளி என் கணவர். உடைந்துபோயிருப்பது நான். இதையும் கேட்கலாமா? (பாகூர்)

கட்டாயம் கேட்கலாம் அம்மா. அடுத்த முறை அவருக்கு ஓபி சீட்டு போடும்போது உங்களுக்கும் ஒன்று போடுங்கள்.