டிரெட்மில்லா, பெல்ட்டா, ஜிம்மா?

கேள்வி: எனக்கு 48 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.2. மாடி ஏறினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்காரர் 45 ஆயிரத்துக்கு ஒரு டிரெட்மில் பார்த்து வைத்திருக்கிறார். கூட வேலை பார்க்கும் டீச்சர் இடுப்பில் மாட்டும் அதிர்வு பெல்ட் வாங்கச் சொல்கிறார். மகள் ஜிம்மில் சேரச் சொல்கிறாள். வெயிட் தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். போன மாதம் ஒரு வளைகாப்பில் பாயில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல், இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு எந்த மெஷின் சரியாக இருக்கும், டாக்டர்?

பதில்: மூன்று மெஷின்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அம்மா. ஆனால் படிக்கும்போது எனக்கு உறுத்தியது அந்த வளைகாப்புப் பாய்தான். 48 வயதில் தரையிலிருந்து எழ ஆள் வேண்டியிருக்கிறது என்றால் தொடையிலும் பிட்டத்திலும் தசை வலு குறைந்துவிட்டது என்று அர்த்தம். முட்டியின் முன்பக்க வலியிலும் பெரும்பாலும் அதற்குப் பங்கு உண்டு. சர்க்கரையிலும் உண்டு. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ள வேண்டியது தசை. அது மெலிந்து கிடந்தால் மாத்திரை தனியாகத்தான் போராட வேண்டும்.

ஆகவே ‘எடை குறைய என்ன மெஷின்’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்போம். ‘கை ஊன்றாமல் பாயிலிருந்து எழ வேண்டும், அடுத்த ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே வர வேண்டும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னவுடனேயே எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும்.

முதலில் அந்த பெல்ட். வேண்டாம். அதிர்வால் கொழுப்பு கரையாது. வியர்த்துக் கொட்டினால் போவது தண்ணீர்; ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையும் என்பதும் அப்படித்தான். கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை உடம்பு நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

டிரெட்மில் கெட்ட பொருள் இல்லை. மழைக்காலத்திலும் தெருநாய்க்குப் பயப்படுபவர்களுக்கும் நன்றாக உதவும். ஆனால் உங்களுடைய முதல் தேவை அது இல்லை. உங்கள் எடையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். ஸ்டாஃப் ரூமில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் அதைத் தாண்டிவிடும். மெஷினின் திரையில் இன்னும் பெரிய எண் வரும். அதை நம்பி இரண்டாவது வடையை எடுத்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், சமதரையில் நடப்பதால் மட்டும் தரையிலிருந்து எழும் வலு வராது.

அப்படியும் வீட்டுக்காரர் வாங்கியே தீருவேன் என்றால் சில விஷயங்கள் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் பல நேரம் உச்ச அளவு. தொடர்ந்து ஓடும்போது மோட்டார் எவ்வளவு தரும் என்று கேட்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிலேயே அதிக எடை உள்ளவரை அது தாங்க வேண்டும். சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவியை ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும். மாதாந்திர மின்தடையோ வேறெதுவோ, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று நின்றால் பிடிக்கக் கைப்பிடி வேண்டும். பேரன் பேத்திகள் வந்துபோகும் வீடென்றால் பயன்படுத்தாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குழந்தையின் விரல் பெல்ட்டுக்குள் மாட்டினால் தோல் உரிந்துவிடும். பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்து, எத்தனை நாள் ஏறினார் என்று காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் வாங்கலாம். என் வீட்டு உடற்பயிற்சி சைக்கிளில் ஒரு வருடம் துண்டு காய்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, நீங்கள் வாங்க வேண்டியவை: 2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, நடுத்தர இழுவையுள்ள ஒரு ரப்பர் பேண்ட், நடக்க நல்ல ஷூ. மீதி வீட்டிலேயே இருக்கிறது. கை வைக்காத மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்.

இன்றைக்கே ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12-க்குக் குறைவாக எழுந்தால் கால் வலு போதாது என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். உங்களுக்கு 48. வந்த எண்ணை எழுதி வையுங்கள்.

அதே எழுந்து உட்காருவதுதான் உங்கள் முதல் பயிற்சியும். பாதங்களை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்து வையுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும். முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சரிந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. அப்படிச் சரிவதும் முன்பக்க வலியைக் கூட்டும். வலித்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரம் போகப்போகத் தலையணையை எடுத்துவிட்டு, பிறகு டம்பெல்லைக் கையில் பிடித்து, அதற்கப்புறம் குட்டை ஸ்டூலுக்கு இறங்கலாம். பாய் தானாகப் பக்கத்தில் வரும்.

இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால், ஜன்னல் கம்பியில் பேண்டைச் சுற்றி முழங்கையைப் பின்னால் இழுப்பது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஸ்டூல் மேல் வைத்த 5 கிலோ அரிசிப் பையை முதுகு வளையாமல் இடுப்பை மடக்கித் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு செட். கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். 12 முறை சிரமமில்லாமல் வந்தால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் எகிறும். திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு நாள் போதும், ஒரு நாளைக்கு 25 நிமிடம் ஆகும். மறுநாள் தசை வலித்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டு வீங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

மற்ற நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சி. மிதமான என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் நடக்கத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளி மைதானத்தில் 10 நிமிடம், இரவு சாப்பிட்டதும் 15 நிமிடம் என்று பிரித்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு இன்னும் நல்லது. ஒரு முறை உடற்பயிற்சி செய்தால் சர்க்கரையில் அதன் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தை விடுங்கள். தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களுக்கு இல்லை. வருடக்கணக்காக வெறித்தனமாகத் தூக்கும் பெண்களுக்கே பெரிய தசை எளிதில் வருவதில்லை. 2 கிலோ டம்பெல்லில் வராது. மாறாக, மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும் உங்களுக்கு எலும்பு தேயும் வேகம் கூடப்போகிறது. எடை தூக்குவது எலும்புக்கும் வேலை கொடுக்கும்.

மூன்று மாதம் கழித்து ஜிம்மில் சேர விரும்பினால் தாராளமாகச் சேருங்கள். அங்கே காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் ரோயிங், கையால் முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ் உங்களுக்கு நல்லவை. காலை நீட்டித் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷனில் அதிக எடை போட்டால் முட்டிச்சில்லில் அழுத்தம் விழும், இப்போதைக்குத் தவிர்க்கலாம். சைக்கிளில் ஏறினால் குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். சீட்டைத் தாழ வைத்து மிதித்துவிட்டு ‘சைக்கிள் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பயிற்சியாளர் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரோட்டீன் இருக்கிறது. சுண்டல், தயிர், மீன் எல்லாம் ஊரில் கிடைக்கிறது.

ஆரம்பிக்கும் முன் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, இரத்த அழுத்தம், பாத உணர்ச்சி, கண்ணின் விழித்திரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். விழித்திரையில் இரத்தக் கசிவு இருந்தால் கனமான எடை தூக்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்வது அபூர்வம். நடுவில் கிளிமிபிரைடு என்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் பையில் இரண்டு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம்.

ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் 12 வாரம் கழித்து எடுங்கள். அன்றைக்கே நாற்காலிச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். வீட்டுக்காரரையும் எழுந்து உட்காரச் சொல்லி எண்ணுங்கள். டிரெட்மில் யாருக்கு வேண்டும் என்பதை அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.